மூன்று பங்கர், ஒரு மன்கட், ஏழு மருந்துப் பெட்டி

போன வருசம் மே மாசம் கிளியூரில் ஒரு சின்னத் தகராறுக்கு நான் நடுவராக இருக்க வேண்டியதாகிவிட்டது. இந்தக் கட்டுரையே அங்கிருந்து வந்ததுதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடை விழா சமயம். ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்கள். உள்ளூர்க்காரன் எவனும் வீட்டை விட்டு வெளியே போக மாட்டான். பொழுது போகாத எங்கள் தெருப் பையன்கள் ஒரு பிஜிஎம்ஐ போட்டி வைத்தார்கள். ரூம் கார்டு அக்கா பையனுடையது. பரிசு 1,500 ரூபாய் என் உபயம். மேகம் இறங்கினால் எங்கள் ஊரில் போன் சிக்னல் படுத்துவிடும் என்பதால், என் வீட்டு வைஃபையை நம்பி முக்கால்வாசிப் பேர் என் வீட்டுத் திண்ணையிலும் மதில் மேலும் உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு போனைப் பார்வையாளர் இடத்தில் போட்டு ஹாலில் இருந்த டிவியில் ஓடவிட்டோம். ஆடாதவர்கள் பத்து இருபது பேர் பார்த்தார்கள். என் அம்மாகூடப் பார்த்தார்.

கடைசி ஆட்டம். மூன்று பேர் மிச்சம். அதில் இரண்டு பேர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர்கள். மூன்றாமவன் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன், அப்பா காபித் தோட்டத்தில் வேலை. அவன் ஆட்டம் முழுக்க ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. காலி வீடுகளாகப் பார்த்து நுழைந்து மருந்துப் பெட்டி மட்டும் பொறுக்கியிருக்கிறான். ஏழு பெட்டி. பிறகு புல்லுக்குள் படுத்துவிட்டான். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டு, அடிபட்டு, இருந்த மருந்தையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். வட்டம் முழுசாகச் சுருங்கியபோது மூன்று பேருக்கும் நீல வளையத்தில் உயிர் குறைய ஆரம்பித்தது. இவன் படுத்த இடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக மருந்து போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் செத்தார்கள். இவன் சிக்கன் டின்னர். ஃபினிஷ் கணக்கு: பூஜ்யம்.

ஹாலில் ஒரே கூச்சல். "சீ, இதெல்லாம் ஒரு ஜெயிப்பாடா?" என்று ஒருத்தன். "இதைப் பாக்கவா இவ்ளோ நேரம் உக்காந்திருந்தோம்?" என்று இன்னொருத்தன். என்னைப் பார்த்தார்கள். நான் 'சாஃப்ட்வேர் மாமா', தீர்ப்பு சொல்லக்கூடியவன் என்று ஒரு நம்பிக்கை. கடைசிச் சண்டையே நடக்காமல் போனதில் எனக்கும் எரிச்சல்தான். பரிசை இரண்டாவது வந்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பையன் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இப்படி ஜெயிக்கக் கூடாதுன்னு ரூல்ல எங்கண்ணா இருக்கு?"

எங்கேயும் இல்லை. ரிலீஸ் முடிந்த பிறகு ஸ்பெக்கைத் திருத்தியிருக்கிறேன். அலுவலகத்தில் எவனாவது இதைச் செய்தால் நானே கத்தியிருப்பேன். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. விதிக்கு உட்பட்ட, ஆனால் பார்க்கிறவன் வயிறெரியும் வெற்றியை என்ன செய்வது? நான்தான் முதலில் மாட்டிக்கொண்டவனா, இதற்கு முன்னால் யாராவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். தேடியது பல மாதம் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் போய் நின்றது கொரியாவில். வீடியோ கேமை டிவியில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை ஒரு தேசியப் பழக்கமாகவே ஆக்கியவர்கள் அவர்கள். 1998இல் ஸ்டார்கிராஃப்ட் வெளியானது. அதற்கு முந்தைய வருடப் பொருளாதார நெருக்கடி, வேலையில்லாத இளைஞர்கள், தெருவுக்குத் தெரு முளைத்த கணினி மையங்கள், வேகமான இணையம் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. 2000இல் ஆட்டங்களைக் காட்டுவதற்கென்றே தனி டிவி சேனல் வந்துவிட்டது. அந்த மேடையின் சூப்பர் ஸ்டார் லிம் யோ-ஹ்வான். ஆட்டப் பெயர் பாக்ஸர், பட்டப் பெயர் 'பேரரசர்'. லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் கொண்ட ரசிகர் மன்றம் அவருக்கு இருந்தது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் கட்அவுட் மட்டும்தான் பாக்கி. அவருடைய எதிராளி ஹாங் ஜின்-ஹோ, ஆட்டப் பெயர் யெல்லோ. எல்லாப் பெரிய இறுதிப்போட்டிகளுக்கும் வந்து இரண்டாவதாகவே முடிப்பவர். இரண்டு என்ற எண்ணையே இன்றுவரை அவர் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

2004 நவம்பர் 12. எவர் ஸ்டார்லீக் அரையிறுதி. இந்த இருவருக்கும் இடையில் ஐந்து ஆட்டத் தொடர். நாடே காத்திருந்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

பாக்ஸர் முதல் ஆட்டத்தில் என்ன செய்தார் என்றால், தன் ஊரைக் கட்டவே இல்லை. கையில் இருந்த வேலையாட்களையும் ஒன்றிரண்டு சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு நேராக எதிராளி வாசலுக்குப் போய், அங்கேயே ஒரு பதுங்குகுழியை, பங்கரைக் கட்டி, உள்ளே ஆட்களை ஏற்றிச் சுட ஆரம்பித்துவிட்டார். ஹாங் பொறுமையாகப் பொருளாதாரத்தைப் பெருக்கும் தொடக்கத்தை எடுத்திருந்தார். சில நிமிடத்தில் கதை முடிந்தது. சரி, ஒரு தடவை ஏமாந்துவிட்டார். இரண்டாவது ஆட்டம். மறுபடி அதே பங்கர். மூன்றாவது? அதேதான். 3-0. ஆட்டம் பார்க்க வீட்டில் சிக்கன் ஆர்டர் செய்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு, சிக்கன் வருவதற்குள் தொடரே முடிந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. 'தொடர்ந்து மூன்று பங்கர்' என்பதைச் சுருக்கி ஒரு சொல்லே கொரிய மொழியில் உண்டாகிவிட்டது.

இந்த மாதிரி ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் பணயம் வைக்கும் குறுக்கு வழிக்கு ஆட்டக்காரர்கள் வட்டத்தில் 'சீஸ்' என்று பெயர். எதிராளி எதிர்பார்த்துவிட்டால் போட்டவன் காலி. எதிர்பார்க்காவிட்டால் எதிராளி காலி. நடுவில் ஒன்றும் கிடையாது.

ரசிகர்கள் கொதித்தார்கள். பாக்ஸரின் சொந்த ரசிகர்களிலேயே பலருக்கு வருத்தம். இதே மாதத்தில் நடந்த இறுதிப்போட்டியில் பாக்ஸர், தான் வளர்த்துவிட்ட சொந்த அணித் தம்பி சோய் யோன்-சுங்கிடம் 2-3 என்று தோற்று, மேடையிலேயே அழுதார். "பங்கருக்குக் கிடைத்த கூலி" என்று அப்போது யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது வேறு. அந்த லீக்கில் நடந்த எத்தனையோ நீண்ட, அழகான, நியாயமான ஆட்டங்களை ஆராய்ச்சி செய்கிறவர்கள் தவிர யாரும் இன்று பேசுவதில்லை. அந்த மூன்று பங்கர்களை இருபது வருடம் கழித்தும் பேசுகிறார்கள். அன்று ராத்திரி கடுப்பானவர்கள் மறுநாள் டிவியை அணைத்துவிடவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தொடக்கத்தையும் கொஞ்சம் நெஞ்சு படபடக்கத்தான் பார்த்திருப்பார்கள். மறுபடி பங்கர் வருமா?

கொரிய ஸ்டார்கிராஃப்டின் முதுகெலும்பை முறித்தது 2010. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற விவகாரம் வெளியே வந்து, 11 ஆட்டக்காரர்கள் வாழ்நாள் தடை பெற்றார்கள். அதில் மிகப் பெரிய சாம்பியன் ஒருவரும் இருந்தார். பங்கரைக் கட்டியவன் ஜெயிக்க வெறி பிடித்தவன். பணம் வாங்கியவன் ஜெயிக்கவே விரும்பாதவன். பார்க்கிறவனுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

இன்னும் இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். 2013 ஆகஸ்ட், சியாட்டில், டோட்டா உலகப் போட்டி. நாவி என்ற உக்ரைன் அணி, சீனாவின் டோங்ஃபூவுக்கு எதிராகத் தோற்கும் நிலையில் இருக்கிறது. டெண்டியும் பப்பியும் ஒரு வித்தை செய்தார்கள். ஒருவர் தூண்டில் வீசி எதிராளியைப் பிடிக்க, சரியாக அந்த நொடியில் மற்றவர் தூண்டில்காரரைத் தங்கள் தளத்துக்கே பெயர்த்துவிட, தூண்டிலில் மாட்டியவர் மைதானம் முழுக்கப் பறந்து வந்து நாவியின் கோட்டைக்குள் விழுவார். அங்கே காத்திருக்கும் ஊற்று அவரைக் கணத்தில் கொன்றுவிடும். ஆட்டத்தை எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பாஷையில் ரேஸ் கண்டிஷன். அரங்கம் கதறிக் கொண்டாடியது. எதிர்த் தரப்பு ரசிகர்களுக்கு எரிந்திருக்கும், அது வேறு. நாவி இறுதிவரை போய் அலையன்ஸிடம் 2-3 என்று தோற்றது. பிறகு வால்வ் நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

அடுத்தது 2014 நவம்பர், சுவீடனில் டிரீம்ஹேக். கவுன்டர்-ஸ்ட்ரைக் காலிறுதியின் முடிவு ஆட்டம். சொந்த நாட்டு ஃபனாட்டிக் அணி பாதி ஆட்டத்தில் 3-12 என்று பின்தங்கியிருக்கிறது. எதிரணி பிரான்ஸின் எல்டிஎல்சி. இரண்டாம் பாதியில் ஃபனாட்டிக் ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, வரைபடத்தில் யாருமே போகாத ஒரு இடத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்து பாதி மைதானம் தெரியும். சுடுகிறவர் யார், எங்கிருந்து சுடுகிறார் என்றே மற்றவர்களுக்குப் புரியாது. 16-13 என்று ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் நிற்பதே போட்டி விதிக்கு மாறு என்று புகார். மறு ஆட்டம் என்று முடிவானது. ஃபனாட்டிக் மறு ஆட்டம் ஆடாமலே விலகியது. எல்டிஎல்சி கடைசியில் கோப்பையையே தூக்கியது.

இரண்டுமே ஓட்டைகள்தான். ஒன்றை அரங்கம் கொண்டாடியது, இன்னொன்றைத் திட்டித் தீர்த்தது. ஏன்? விதிப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இது: தூண்டில் வித்தை எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் குறி தப்பலாம், நேரம் தப்பலாம். பார்த்தவனுக்கு ஒவ்வொரு வீச்சும் ஒரு 'மாட்டுமா மாட்டாதா'. தோள் மேல் ஏறி நின்ற பிறகு அப்படி எதுவுமே மிச்சமில்லை. சுட்டுக்கொண்டே இருக்கலாம்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு, பெருமைப்படும்படி இல்லை. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் கணினியில் குறிபார்த்துத் தரும் மென்பொருளை, 'வேர்ட்' என்று பெயர் மாற்றி மறைத்து வைத்து மாட்டிக்கொண்டார். நடுவர் பக்கத்தில் வந்து நிற்கும்போதே அதை அழிக்கப் பார்த்த காட்சி உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அணியே கலைக்கப்பட்டது. இதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இது தந்திரம் இல்லை, திருட்டு. ஆனால் நிறைய விவாதங்களில் தந்திரத்தையும் திருட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். அன்று என் வீட்டு ஹாலிலும் அதுதான் நடந்தது. "ஏமாத்திட்டான்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவன் யாரை ஏமாற்றினான்?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் வைத்துக் கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் முதலில் வரும். ரவிச்சந்திரன் அஸ்வின். எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐடி படித்தவர் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும், ஏனென்றால் விதிப் புத்தகத்தை ஒரு புரோகிராமர் போல வரிவரியாகப் படித்துவிட்டு ஆடியவர் அவர்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணிக்கு அஸ்வின் கேப்டன். ராஜஸ்தான் 185 அடிக்க வேண்டும். 108க்கு ஒரே விக்கெட். ஜாஸ் பட்லர் 43 பந்தில் 69 என்று நொறுக்கிக்கொண்டிருக்கிறார். அஸ்வின் பந்து வீச ஓடி வந்தார், கையைத் தூக்கவில்லை, நின்று திரும்பினார், கோட்டை விட்டு வெளியே போயிருந்த பட்லர் பக்கத்துப் பெயில்ஸைத் தட்டினார். அவுட். ராஜஸ்தான் அதன் பிறகு சரிந்து 14 ரன்னில் தோற்றது. அந்த இரவு ட்விட்டரில் நடந்ததை நான் நேரில் பார்த்தவன். பாதி உலகம் அவரைத் துரோகி என்றது. என் அலுவலக வாட்ஸப் குழு இரண்டாக உடைந்தது. சென்னைக்காரன் எல்லாம் ஒரு பக்கம் என்று நினைக்காதீர்கள், அப்படி இல்லை.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய சண்டை. 1947 டிசம்பர் 13, சிட்னி. இந்தியாவின் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் ரன் அவுட் செய்தார். அதே சுற்றுப்பயணத்தில் அதற்கு முன்னாலேயே வேறொரு ஆட்டத்தில் எச்சரித்தும், ரன் அவுட் செய்தும் இருந்தார். பிரவுன் திருந்தவில்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் மன்கட்டைத் திட்டின. ஆனால் எதிரணிக் கேப்டனாக இருந்த பிராட்மன், மன்கட் செய்தது சரி என்றுதான் பின்னாளில் எழுதினார். அது எடுபடவில்லை. கோட்டைத் தாண்டித் திருட்டு ரன் எடுக்கப் பார்த்தவர் பெயர் மறைந்து, பிடித்தவர் பெயர் வசைச்சொல் ஆனது. 'பிரவுன்' என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கவாஸ்கர் கேட்டது நியாயமான கேள்வி.

அஸ்வினுக்கே இது முதல் தடவை அல்ல. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேவை அப்படி அவுட் செய்தார். நடுவர்கள் கேப்டன் சேவாக்கைக் கேட்டார்கள், அவர் டெண்டுல்கரோடு பேசிவிட்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். ஏழு வருடம் கழித்து அஸ்வினே கேப்டன். திரும்பப் பெற யாரும் இல்லை. பட்லருக்கும் இது முதல் தடவை அல்ல. 2014இல் பர்மிங்காமில் இலங்கையின் சேனாநாயக்க அவரை எச்சரித்துவிட்டு இதே மாதிரி அவுட் செய்திருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2022. எம்சிசி இந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண 'ரன் அவுட்' என்ற 38ஆம் பிரிவுக்கு மாற்றியது. வாசகத்தில் மாற்றம் இல்லை. ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் 41இல் இருந்தவரை அந்தப் பிரிவின் பெயரே பந்து வீசியவன் மேல் ஒரு நிழலைப் போட்டது. 38க்குப் போனதும் அது வெறும் ஒரு வகை அவுட். அந்த விதி அமலுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில், தீப்தி சர்மா கடைசி விக்கெட்டாக சார்லி டீனை இப்படி அவுட் செய்தார். இங்கிலாந்துக்கு 17 ரன் தேவை. டீன் 47இல் இருந்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் அது. டீன் அழுதார். பார்த்தவர்களில் பலருக்குக் கசந்தது, ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் கொஞ்சம். ஒரு த்ரில்லர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன மாதிரி.

எங்கள் மாநிலத்திலேயே அதே வருடம் ஜூனில், டிஎன்பிஎல் முதல் ஆட்டத்தில், நெல்லைக்கு ஆடிய பாபா அபராஜித் சேப்பாக்கத்தின் ஜெகதீசனை இப்படித்தான் அவுட் செய்தார். ஜெகதீசன் ஆத்திரத்தில் ஒரு சைகை காட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆட்டம் டை ஆகி சூப்பர் ஓவர் வரை போனது. சுவாரசியம் கெட்டுப்போனதா என்ன?

அஸ்வினும் பட்லரும் 2022 ஐபிஎல்லில் ஒரே அணியில் சேர்ந்து ஆடி இறுதிப்போட்டி வரை போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த சீசனில்தான் அஸ்வின், பேட்டிங் செய்துகொண்டிருந்தவர், தானாக வெளியேறி, அடித்து ஆடக்கூடிய வேறொருவருக்கு இடம் விட்டார். ஐபிஎல்லில் இப்படி 'ரிட்டயர்ட் அவுட்' ஆன முதல் ஆள் அவர்தான். விதியில் இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. அதற்கு யாரும் கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. "படுகளத்துல பீமன் தொடையில அடிக்கிறான்ல, அது மாதிரியா?" என்றார். அட, அதுதான். சேலம், தருமபுரி, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இடங்களில், கடைசியில் மண்ணால் பெரிய துரியோதனன் செய்து படுக்க வைத்திருப்பார்கள். கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது. கிருஷ்ணன் ஜாடை காட்ட, பீமன் தொடையிலேயே அடிக்கிறான். பார்க்க வந்த கூட்டத்தில் குழந்தைக்குக்கூட அடி எங்கே விழும் என்று தெரியும். அது முறை இல்லை என்பதும் தெரியும். அப்படியும் அந்த வெயிலில் நின்று பார்க்கிறார்கள். பலராமன் கோபப்பட்டான் என்பதையும் கதை விடாமல் சொல்லி வைத்திருக்கிறது. வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று நம் பட்டிமன்றங்கள் எத்தனை தலைமுறையாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கின்றன! அந்த அம்பு நேருக்கு நேர் நின்று விடப்பட்டிருந்தால் பேச என்ன இருந்திருக்கும்?

தந்திரம் சுவாரசியத்தைக் கெடுப்பதில்லை என்று இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக் குறுக்கே வந்து நின்றது. பாட்மின்டன் மகளிர் இரட்டையர். குரூப் ஆட்டங்களில் தோற்றால் அடுத்த சுற்றில் சுலபமான எதிராளி கிடைக்கும் என்ற நிலை. சீனா, இந்தோனேசியா, தென்கொரியாவின் இரண்டு ஜோடிகள் என நான்கு ஜோடிகள் வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தார்கள், வெளியே அடித்தார்கள். காசு கொடுத்து வந்த கூட்டம் ஊளையிட்டது. எட்டுப் பேரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் தங்கம் ஜெயிக்கத்தான் அப்படி ஆடினார்கள். கணக்குப்படி புத்திசாலித்தனம். பார்க்கச் சகிக்கவில்லை. ஆக, தந்திரமே கெடுக்காது என்று சொல்ல முடியாது. ஆட்டமே நடக்காமல் செய்யும் தந்திரம் கெடுக்கும்.

அந்த வகைக்கு நம் கபடியைவிட நல்ல உதாரணம் இல்லை. ஊர்க் கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பாயிண்ட் முன்னால் இருக்கும் அணி என்ன செய்யும்? பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடுவான், குறைந்தபட்சக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவான், யாரையும் தொட மாட்டான். அடுத்தவனும் அப்படியே. கடிகாரம் மட்டும் ஓடும். கூட்டம் "ஏய், தொட்டுட்டு வாடா!" என்று கத்தும், அவன் காதில் விழாது. விதிப்படி தப்பே இல்லை. புரோ கபடி லீக் இதற்கு ஒரு வைத்தியம் செய்தது. ஒரு ரெய்டுக்கு 30 நொடி. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது 'டூ ஆர் டை', பாயிண்ட் எடுக்காவிட்டால் போனவன் அவுட். கூடைப்பந்தில் அமெரிக்கர்களுக்கும் இதே வியாதி இருந்தது. 1950இல் ஒரு ஆட்டம் 19-18 என்று முடிந்தது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றதால். 1954இல் 24 நொடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களும் ஆட்டக்காரர்களுக்கு நல்லொழுக்கம் போதித்துக்கொண்டு உட்காரவில்லை, விதியைத்தான் மாற்றினார்கள்.

மாற்றிய பிறகு என்ன ஆனது தெரியுமா? கபடி அணிகள் இப்போது முதல் இரண்டு ரெய்டையும் நிதானமாக வீணடித்துவிட்டு, மூன்றாவதை மட்டும் நிஜமாக ஆடக் கற்றுக்கொண்டன. எந்த விதியைப் போட்டாலும் அதன் ஓரத்தில் ஒருவன் போய் உட்கார்ந்துகொள்வான். டெஸ்டர்களோடு இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பிஜிஎம்ஐ போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் என் ஹாலில் நடந்த பிரச்சினை நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஒளிந்து உயிர் பிழைப்பதற்கு எவ்வளவு, சண்டை போடுவதற்கு எவ்வளவு என்பதைப் புள்ளிப் பட்டியலில்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரு காலத்தில் முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12. பிறகு அது 10, 6 என்று இறங்கியது. ஒரு ஃபினிஷுக்கு ஒரு புள்ளி என்பது அப்படியே இருந்தது. அதாவது யாரையும் "ஒளியாதே" என்று சொல்லவில்லை. ஒளிந்தால் கிடைக்கும் கூலியைக் குறைத்தார்கள்.

நான் அன்று செய்திருக்க வேண்டியது இதைத்தான். பரிசை அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்துக்குப் பட்டியலை மாற்றியிருக்க வேண்டும். பார்த்தவர்களின் எரிச்சல் நியாயமானதுதான், ஆனால் அந்த எரிச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் விதி எழுதியவன். அந்த ஏழு மருந்துப் பெட்டிகளைப் பொறுக்கக் கூடாது என்று எழுதாதவன் நான். யோசித்துப் பார்த்தால், அவன் ஒன்றும் சும்மா படுத்திருக்கவில்லை. மற்ற இருவரும் துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தபோது, கடைசியில் யாரிடம் மருந்து மிச்சம் இருக்கும் என்று 20 நிமிடம் முன்னாலேயே கணக்குப் போட்டவன். எங்கள் டிவி கடைசிவரை அந்த இரண்டு பேரையே காட்டியது. அவன் புல்லுக்குள் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்ததைக் காட்டியிருந்தால், ஹாலில் இருந்தவர்கள் நகத்தைக் கடித்திருப்பார்களோ என்னவோ. கேமராவைக் கையில் வைத்திருந்தது என் அக்கா பையன், அவன் தோஸ்து அந்த இரண்டு பேரில் ஒருத்தன். அது தனிக் கதை.

இந்த வருடம் மே மாதம் மறுபடி போட்டி வைத்தார்கள். முதலிடத்துக்கு 10, ஒரு ஃபினிஷுக்கு ஒன்று, ஐந்து ஆட்டம், மொத்தக் கூட்டல். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே காகிதத்தில் எழுதித் திண்ணைத் தூணில் ஒட்டிவிட்டேன். அந்தப் பையனும் வந்தான், இப்போது சேலத்தில் கல்லூரி முதல் வருடம் சேரப் போகிறான். காகிதத்தை இரண்டு தடவை படித்தான். முதல் இரண்டு ஆட்டம் எல்லோரையும் போலச் சுட்டு ஆடிச் சீக்கிரமே செத்தான். மூன்றாவதில் ஆற்றுப்பாலத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு, கடந்து போனவர்களை ஒவ்வொருவராகச் சுட்டான். ஆறு ஃபினிஷ். "பாலத்துக்கடியில நிக்கிறான்டா!" என்று ஹாலில் ஒரே கத்தல், ஆடுகிறவர்கள் காதில் விழாதபடி என் அம்மா கதவைச் சாத்தினார். மொத்தத்தில் அவன் மூன்றாவது. பரிசு கிடையாது.

கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "அண்ணா, போன வருசத்துது பாக்கி இருக்கு" என்றான். எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைத்தான்.